முள் கீழே இறங்கியதும் நிம்மதியானேன்

ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை. ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளுக்கு அன்றுதான் கோடை விடுமுறை தொடக்கம். பகல் பன்னிரண்டரைக்குள் வந்து அழைத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். கணவருக்கு ஓசூரில் வேலை, அன்று விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு சேலத்திலிருந்து கிளம்பினேன். மலைப்பாதை எனக்குப் புதிதில்லை, நான்கு வருடமாக ஓட்டிப் போய் வருகிறேன். கார்தான் பழையது. பதினொரு வருடமான பெட்ரோல் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அன்று மாலை நான் வீடு திரும்பியபோது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெட்டுப்போய், வண்டி கிரேனில் ஏறிப் பட்டறைக்குப் போயிருந்தது. மொத்தச் செலவு 38,530 ரூபாய். பன்னிரண்டு நாள் வண்டி இல்லை. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

பிரச்சினை மலையில் தொடங்கவில்லை. இரண்டு மாதம் முன்பே வீட்டு வாசலில் தொடங்கிவிட்டது. வாட்டர் சர்வீஸுக்கு விட்டபோது அங்கிருந்த தம்பி பானட்டைத் திறந்து, "அக்கா, கூலன்ட் டப்பா காலியா இருக்குது, தண்ணி ஊத்திக்கோங்க" என்றான். எஞ்சின் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இருக்குமே, அதுதான். எஞ்சினை ஆற்றுகிற கூலன்ட் என்ற திரவம் அதில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். இரண்டு வாரத்தில் மறுபடி இறங்கியது. மறுபடி ஊற்றினேன். கண்ணாடி துடைக்கிற தண்ணீர் மாதிரி இதுவும் தீர்ந்துபோகிற பொருள் என்றே நினைத்திருந்தேன். அது பெரிய தவறு. ரேடியேட்டரில் ஓடுவது பெட்ரோல் போலச் செலவாகிற பொருள் இல்லை. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் மூடிய பாதைக்குள் சுற்றிச் சுற்றி வருவது. நல்ல வண்டியில் வருடக்கணக்கில் கொஞ்சம்தான் குறையும். இரண்டு வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது எஞ்சினுக்குள்ளேயே போய் எரிகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஒரு மெக்கானிக்கிடம் போயிருக்க வேண்டும்.

இன்னொரு அறிகுறியும் இருந்தது. மாலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது முன்பக்கம் ஒரு தித்திப்பான வாசனை வரும், பாகு காய்ச்சுகிற மாதிரி. பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து வருகிறது என்று இருந்துவிட்டேன். சூடான கூலன்ட் கசிந்தால் வருகிற வாசனை அது. சில வாரத்தில் அந்த வாசனை நின்றுபோனது. ஒழுகல் நின்றதால் இல்லை. கூலன்டெல்லாம் போய், உள்ளே வெறும் குழாய்த் தண்ணீர் மட்டும் மிஞ்சியதால். இதைப் பட்டறையில் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவதாக ஒன்று. ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது ஏசியில் வெதுவெதுப்பான காற்று வரும். வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிரும். கேஸ் குறைந்திருக்கும், மே மாதம் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டன்சரும், எஞ்சினின் சூட்டை வெளியே விடுகிற ரேடியேட்டரும் வண்டியின் மூக்கில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று இரண்டையும் ஆற்றுகிறது. நிற்கும்போது ஆற்றுவதற்கு ஃபேன் மட்டும்தான். நின்றால் ஏசி சூடு, ஓடினால் குளிர்ச்சி என்று இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஃபேனைத்தான். என் வண்டியில் ஃபேனை வேகமாகச் சுற்ற வைக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் போயிருந்தது. மெதுவாக மட்டுமே சுற்றிக்கொண்டிருந்தது. பைபாஸில் 60, 70 வேகத்தில் போகும்போது காற்றே வேலையைப் பார்த்துக்கொண்டதால் ஒன்றும் தெரியவில்லை. இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டு, பானட்டைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். சற்று நேரத்தில் ஃபேன் சத்தமாகச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். கையையோ துப்பட்டாவையோ கிட்டே கொண்டுபோகாதீர்கள், அது எப்போது வேண்டுமானாலும் சுற்றும்.

சரி, அன்றைய பயணத்துக்கு வருகிறேன். விடியற்காலையில் கிளம்பியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். வீட்டு வேலையெல்லாம் முடித்துக் கிளம்பும்போது மணி பதினொன்று. அஸ்தம்பட்டி தாண்டும்போதே சாலையில் கானல் மிதந்தது. ஏப்ரல் கடைசியில் சேலத்து வெயிலைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை என்பதால் அடிவாரத்தில் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி நின்றன. இருபது நிமிடம் ஏசியைப் போட்டுக்கொண்டே ஊர்ந்தேன். மலை ஏறும் முன்பே எஞ்சின் பாதிச் சூட்டில் இருந்திருக்கும்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இந்த 1,200 மீட்டரையும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில், இருபது சொச்சம் கிலோமீட்டரில் ஏறிவிடுகிறோம். எஞ்சினுக்கு இது முழு உழைப்பு, ஆனால் வேகமோ 20, 30தான். சூடு அதிகம், காற்று குறைவு. எனக்கு முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து முனகிக்கொண்டே ஏறியது, முந்த இடமில்லை. நான் மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போனேன். கியர் குறைத்தால் எஞ்சின் அலறுகிறது, அதனால் வண்டிக்குக் கெடுதல் என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பியிருந்தேன். உண்மை நேர்மாறானது. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் எஞ்சின் சற்று வேகமாகச் சுற்றினால் வாட்டர் பம்பும் சேர்ந்து வேகமாகச் சுற்றும், தண்ணீர் நன்றாக ஓடும். மூன்றாவதில் திணறவிட்டால் சூடுதான் ஏறும். வண்டி திணறுகிறது, ஆக்ஸிலேட்டரை அழுத்தியும் வேகம் வரவில்லை என்றால் தயங்காமல் கியரைக் குறைத்துவிடுங்கள்.

ஒன்பதாவது வளைவில்தான் தற்செயலாக மீட்டரைப் பார்த்தேன். சூடு காட்டும் முள் எப்போதும் நடுவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அன்று நடுவைத் தாண்டி முக்கால் பங்கில் இருந்தது. பதினோராவது வளைவில் சிவப்புக் கோட்டைத் தொடுகிற அளவுக்கு ஏறிவிட்டது. வயிற்றைப் பிசைந்தது. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினேன், அது வரை சரி. நிறுத்தத்தான் மனம் வரவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, மகள் பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருப்பாள் என்ற நினைப்பு. கொஞ்ச தூரம் போனால் அகலமான இடம் வரும், அங்கே நிறுத்தலாம் என்று ஓட்டினேன்.

பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் முள் மளமளவென்று கீழே இறங்கியது. நடுக்கோட்டுக்கும் கீழே, கிட்டத்தட்ட காலையில் வண்டி எடுக்கும்போது இருக்கிற இடத்துக்கே போய்விட்டது. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டேன். மலைக்காற்று பட்டு ஆறிவிட்டது என்று நம்பி, ஏசியைக்கூட மறுபடி போட்டேன்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வரை போன முள் ஏற்றத்திலேயே திடீரென்று கீழே விழுந்தால் எஞ்சின் ஆறவில்லை. தண்ணீர் போய்விட்டது. மீட்டரோடு இணைந்த சென்சார் எஞ்சினின் இரும்பைத் தொட்டுச் சூடு பார்ப்பதில்லை, தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூட்டைத்தான் பார்க்கிறது. தண்ணீர் வடிந்து அது வெறும் காற்றில் நின்றால் தவறான கணக்கைக் காட்டும். நான் நிம்மதியாக ஓட்டிய அந்த இரண்டு வளைவு, ஏழெட்டு நிமிடம், எஞ்சின் தண்ணீரே இல்லாமல் வெந்துகொண்டிருந்தது. பதினோராவது வளைவிலேயே நிறுத்தி அணைத்திருந்தால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் பிழைத்திருக்கும் என்று மெக்கானிக் பிறகு சொன்னார். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். முள் சிவப்பைத் தொட்டால் நிறுத்த இடம் தேட உங்களுக்கு இருப்பது சில நூறு மீட்டர்தான், அதற்கு மேல் ஒரு வளைவுகூட இல்லை.

பதினான்காவது வளைவு கழிந்ததும் பானட் ஓரமெல்லாம் ஆவி கிளம்பியது. எஞ்சினிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் இழுவை இல்லை. நல்ல வேளையாக வளைவிலேயே நிற்கவில்லை, சற்று நேரான இடத்தில் ஓரமாக ஒதுக்க முடிந்தது. வளைவின் வாயில் நிறுத்தினால் மேலிருந்து இறங்கும் பேருந்துக்குத் திரும்ப இடமே இருக்காது. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, நான்கு பக்க இண்டிகேட்டரையும் எரியவிட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தேன். கல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் கோபமே உண்டு. மலைப்பாதையில் வண்டி நின்றால் எல்லோரும் சக்கரத்துக்குக் கல் வைக்கிறார்கள், கிளம்பும்போது யாரும் எடுப்பதில்லை. இரவில் இறங்குகிற பைக்காரர்களுக்கு அது எமன். வைத்த கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

செல்போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. வண்டிகள் வேகம் குறைத்து, பார்த்துவிட்டு, போய்க்கொண்டே இருந்தன. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் திறந்த ஜன்னலை நோக்கி வந்தன. தனியாக ஒரு பெண், பழுதான வண்டி, கீழே பள்ளம். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அந்தப் பதற்றத்தில்தான் அடுத்தடுத்து இரண்டு தவறு செய்தேன். குடிக்க வைத்திருந்த ஒரே ஒரு பாட்டில் தண்ணீரை ரேடியேட்டர் மேல் ஊற்றினேன். சுரீரென்று ஆவி எழுந்ததுதான் மிச்சம். கொதிக்கிற எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அலுமினியமும் இரும்பும் விரிசல் விடலாம், அதைச் செய்யவே கூடாது. அப்புறம் துண்டை நான்காக மடித்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை வைத்தேன்.

"அக்கா! மூடியத் தொடாதீங்க! கைய எடுங்க மொதல்ல!"

காய்கறிக் கூடைகளோடு மேலே போய்க்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியின் ஓட்டுநர், வண்டியை நிறுத்தாமலேயே கத்தினார். அப்புறம் முன்னால் ஒதுக்கி நிறுத்திவிட்டு ஓடி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒன்றும் பேசாமல் வலது சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் திட்டுத் திட்டாகச் சுருங்கி வெளுத்திருந்தது. "துணி வெச்சுத்தான் தொறந்தேன். மூஞ்சிக்கு வந்திருக்கும், தலைய திருப்பிட்டேன். ரெண்டு மாசம் வண்டி ஓட்டலைங்க அக்கா" என்றார்.

அந்த மூடி வெறும் மூடி இல்லை. அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, பிரஷர் குக்கர் வெயிட் மாதிரிதான். உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. வெளியே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் அந்த அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். சரிபாதி கூலன்ட் கலந்திருந்தால் அதற்கும் மேலே தாங்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், உள்ளே இருக்கிற அத்தனையும் ஒரே மூச்சில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். குக்கர் விசில் அடங்காமல் மூடியைத் திறப்போமா? அதுவேதான் இது. எனக்கு இந்த ஒப்பீட்டை யாரும் சொன்னதில்லை. இதே மூடி என் வண்டியில் ரப்பர் இறுகி, ஸ்பிரிங் தளர்ந்து கிடந்தது. அதாவது அழுத்தம் நிற்கவில்லை. ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். எஞ்சின் சாதாரணமாகவே 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடுகிறது. கூலன்ட் இல்லாத வெறும் தண்ணீர், அழுத்தம் பிடிக்காத மூடி, மெதுவாகச் சுற்றும் ஃபேன், மே மாதத்தை நெருங்கும் வெயில். கொதிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தத் தம்பி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி வைக்கச் சொன்னார், எஞ்சினை ஓட்டாமல். சில வண்டிகளில் அப்படி வைத்தால் ஃபேன் மட்டும் ஓடும், என்னுடையதில் ஓடியது. தன் வண்டியிலிருந்து ஐந்து லிட்டர் கேன் தண்ணீரை எடுத்து வைத்தார். "முக்கா மணி நேரம் எதையும் தொடாதீங்க. மேல் ஹோஸை ஒரு வெரலால தொட்டுப் பாருங்க, அப்புறம் கையால புடிச்சுப் பாருங்க. புடிச்சுட்டு நிக்க முடிஞ்சா மட்டும் மூடியத் தொறங்க" என்றார். மகள் படிக்கும் பள்ளியின் பெயரையும் விடுதியின் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டு போனார். மேலே சிக்னல் கிடைத்ததும் உண்மையாகவே போன் செய்து சொல்லியிருக்கிறார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கேன் இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். அதன்பிறகு துணியைப் போட்டு மூடியைக் கால் திருப்பு மட்டும் திருப்பி, உஸ் என்ற சத்தம் முழுக்க அடங்கும் வரை நின்று, முழுதும் திறந்தேன். உள்ளே தண்ணீரே தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியதில் நான்கு லிட்டருக்கு மேல் குடித்தது. ஸ்டார்ட் செய்தேன். வண்டி முழுக்க உதறியது. சைலன்சரிலிருந்து கெட்டியான வெள்ளைப் புகை. ரேடியேட்டர் வாயில் சோறு கொதிக்கிற மாதிரி குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. இவ்வளவையும் பார்த்த பிறகும், அணைத்துவிட்டு இன்னும் இரண்டு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். எப்படியாவது மேலே போய்விட மாட்டோமா என்ற ஆசைதான். ஹெட்டுக்கும் அதன் கீழே உள்ள எஞ்சின் பகுதிக்கும் இடையில் கசியாமல் அடைக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது போனதற்கான அடையாளங்கள் இவை எல்லாமே. இப்படிக் கண்டால் மறுபடி சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் ஊற்றியதும் வண்டி அமைதியாக ஓடி, குமிழி இல்லாமல், முள்ளும் நடுவில் நின்றால் மட்டும் ஏசி இல்லாமல் மெதுவாக நகரலாம், அதுவும் பக்கத்து மெக்கானிக் வரைக்கும்.

பாதையில் கொஞ்சம் கீழே நடந்துபோனதும் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. இன்சூரன்ஸ் புதுப்பித்தபோது சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக, சாலையோர உதவி என்ற சேர்க்கை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கணவர் ஓசூரிலிருந்தே நாலைந்து பேரிடம் பேசி ஒரு கிரேன் ஏற்பாடு செய்தார். வந்து சேர மூன்று மணி நேரம், கூலி 4,800. அதற்குள் விடுதியிலேயே ஒரு வாடகைக் காரைப் பிடித்து மகளை அனுப்பிவிட்டார்கள், அதற்கு 1,800. வளைவில் திரும்பி அந்தக் கார் என் முன்னால் நின்றதும் அவள் இறங்கி ஓடி வந்தாள். எனக்கு முதலில் வந்த வார்த்தை, "தண்ணி இருக்கா பாப்பா?" என்பதுதான். இருந்த ஒரு பாட்டிலையும் எஞ்சின் மேல் ஊற்றிவிட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நா வறண்டு நின்றிருந்தேன். அவளுடைய பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன் எடுக்கவே இல்லையேம்மா" என்று அழுதாள். அந்தப் பணமெல்லாம் மறந்துபோகும், இது மறக்காது.

பட்டறையில் மெக்கானிக் அண்ணன் முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்டினார். பால் கலந்த காபி மாதிரி ஒரு கூழ் ஒட்டியிருந்தது. தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டது, கேஸ்கெட் போயிற்று என்றார். ஹெட்டைக் கழற்றி அதன் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, இடைவெளியில் வெளிச்சம் தெரிவதைக் காட்டினார். "ஹெட்டு பெண்ட் ஆயிருச்சும்மா. லேத்துல குடுத்து தேச்சு சமமா ஃபேசிங் பண்ணணும். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா எஞ்சினே ஜாம் ஆயிருக்கும்." பிறகு பழைய ரேடியேட்டரைத் தட்டினார். உள்ளே வெள்ளையும் செம்பழுப்புமாகச் செதில் செதிலாக உதிர்ந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் குடத்தின் அடியே வெள்ளை பூத்துவிடும். அதே உப்பை இரண்டு மாதமாக எஞ்சினுக்குள் கொதிக்க வைத்திருக்கிறேன். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதற்கு மட்டும் இல்லை, உள்ளே துருப் பிடிக்காமல் காப்பதும் அதுதான். ஒழுகல் எங்கே என்றால், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் ஒரு மயிரிழை விரிசல்.

கணக்கைச் சொல்கிறேன். பட்டறை பில் 31,930. இதில் கேஸ்கெட் செட், ஹெட் போல்ட், லேத் வேலை, கூலி, புது ஆயில், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் அடக்கம். இதே பில்லில்தான் ரேடியேட்டர் 5,600, அதன் மூடி 350, ஃபேன் ரிலே 280, கூலன்ட் 1,000. இந்த நான்கையும் மார்ச் மாதமே மாற்றியிருந்தால் 7,230 ரூபாயோடும் கொஞ்சம் கூலியோடும் முடிந்திருக்கும். இன்சூரன்ஸில் கேட்டேன். மோதல் இல்லை, இது எஞ்சின் பழுது, கிடைக்காது என்றார்கள். வண்டி சூடாகி எஞ்சின் கெட்டால் வழக்கமான பாலிசியில் பணம் வராது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் ஆறிய நிலையில், பானட்டைத் திறந்து அந்த வெள்ளை டப்பாவைப் பார்க்கிறேன். பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன், குறைந்தால் உடனே தெரிந்துவிடும். ஊற்ற வேண்டி வந்தால் கையேட்டில் சொல்லியிருக்கிற வகைக் கூலன்ட்தான். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வெவ்வேறு வகைகளைக் கலந்தால் உள்ளே கெட்டிப்படலாம். கலக்காத கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி பேட்டரி தண்ணீர் சேர்க்க வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. அவசரத்தில் சாலையில் எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம், ஆனால் ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டு மாற்றிவிட வேண்டும். வடித்த கூலன்டை வாசலில் விடாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கிவிடும், அது அவற்றின் சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம். கேனில் மூடி வைத்துப் பட்டறையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

மலைக்குப் போகும் நாளில் காலை ஆறு மணிக்குள் அடிவாரம் தாண்டிவிடுகிறேன். பின் இருக்கையில் ஐந்து லிட்டர் கேன், கைக்கு ஒரு தடித்த துணி, குடிக்கத் தனியாக இரண்டு லிட்டர். வளைவுக்கு வளைவு ஒரு முறை முள்ளைப் பார்த்துக்கொள்கிறேன். புது வண்டிகள் பலவற்றில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். சிவப்பு எரியும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும். என் தங்கையின் வண்டி அப்படித்தான். அவளுக்கு, ஸ்டியரிங் கீழே இருக்கிற சாக்கெட்டில் செருகி செல்போனில் டிகிரி கணக்கைக் காட்டும் ஒரு சின்னக் கருவியை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

முள் நடுவைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதை என் கணவருக்கும் சேர்த்து ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். முதலில் ஏசி நிறுத்தம், ஜன்னல் இறக்கம். அடுத்து ஹீட்டரை முழுச் சூட்டில், முழுக் காற்றில் போட வேண்டும். வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். டேஷ்போர்டுக்குள் இருக்கிற ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சினின் சூட்டை இழுத்து உள்ளே தள்ளும். நமக்கு வேர்க்கும், எஞ்சின் பிழைக்கும். ஹீட்டரில் சூடான காற்றே வரவில்லை என்றால் அது இன்னும் முக்கியமான செய்தி, தண்ணீர் அங்கே வரை வரவில்லை என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும். வரிசையில் நின்றுவிட்டால் நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துப் பிடிக்கலாம், பம்ப் சற்று வேகமாக ஓடும். இவையெல்லாம் சிவப்புக்கு முன்னால் மட்டும்தான். சிவப்பைத் தொட்டால், ஆவி தெரிந்தால், அல்லது ஏறிய முள் சட்டென்று விழுந்தால் ஒதுக்கி அணைப்பது ஒன்றுதான் வேலை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மகளைக் கொண்டுபோய் விட அதே வண்டியில்தான் ஏறினோம். பதினான்காவது வளைவு கழிந்ததும் சாலையோரத்தில் நான் அன்று வைத்த கல் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. கிரேன்காரர் எடுத்துப் போட்டிருப்பார் போல. முள் நடுவுக்குக் கீழேயே நின்றது. விடுதி வாசலில் வண்டியை ஆறவிட்டு, கிளம்பும் முன் பானட்டைத் திறந்து காட்டச் சொன்னாள். கோட்டோடு கோடாக இருந்தது. குனிந்து தானே ஒரு முறை பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.